ஒரு தாளில் அடங்கும் ஒரு மணி நேரம்

சக்கரக் காலணியில் ஆடும் இன்லைன் ஹாக்கியைத் தாங்கும் சக்கரமே பயிற்சிக்காக வந்ததுதான். 1980 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஐஸ் ஹாக்கி ஆடிவந்த ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்ற சகோதரர்கள், பனியில்லாத மாதங்களிலும் கால் பழக்கம் விட்டுப்போகாமலிருக்க, ஒரே வரிசையில் சக்கரம் பூட்டிய பழைய காலணியைத் திருத்தி எடுத்தார்கள். அது ரோலர்பிளேடு என்ற பெயரில் ஊரெல்லாம் பரவியது. இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் கையிலிருக்கும் பயிற்சித் திட்டத் தாளை, அதிலுள்ள வட்டங்களையும் அம்புக்குறிகளையும், கோலுக்கு நிகராக நான் ரசிப்பதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம்.

ஐஸ் ஹாக்கியின் பயிற்சிகளை அப்படியே இறக்கிவைத்தால் இங்கே சரிப்படாது. பனியில் காலணியின் கத்தியைக் குறுக்கே திருப்பினால் ஆட்டக்காரர் சட்டென்று நின்றுவிடுவார். சக்கரமோ தரையைக் கவ்வும். நிற்பதைவிட வளைந்து திரும்புவதே அதற்குச் சுலபம். கோட்டுக்குக் கோடு ஓடி நிற்கச் சொல்லும் பயிற்சியில் பிள்ளைகள் தடுமாறுவது இதனால்தான். தேர்ந்த பயிற்சியாளரின் தாளில் நேர்கோடுகள் குறைவு, வளைவுகள் அதிகம். பக்கத்துக்கு ஐந்து பேர் பனியில் சறுக்க, இங்கே கீப்பர் நீங்கலாக நால்வர்தான். உடம்பால் மோதித் தள்ளவும் அனுமதியில்லை. இடம் நிறையக் கிடைக்கும். அவசரப்பட்டு முன்னே அடிப்பதைவிட, வழி அடைத்திருந்தால் பின்னே திருப்பி மறுபடி தொடங்கும் பொறுமையைப் பழக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது ‘இருவருக்கு ஒருவர்’. இரண்டு பேர் தாக்கி வர, ஒருவர் பின்னோக்கிச் சறுக்கியபடி தடுக்கிறார். மட்டையில் பக் எனும் வட்டை வைத்திருப்பவர் கீப்பரின் பொறுப்பு, குறுக்கே போகும் பாஸ் தடுப்பாளரின் பொறுப்பு: இது கீப்பரும் தடுப்பாளரும் வாய் திறக்காமலே செய்துகொள்ளும் ஒப்பந்தம். இதோடு விட்டால் சாதாரணப் பயிற்சி. நல்ல பயிற்சியாளர் பின்னாலிருந்து துரத்த இன்னொருவரை அனுப்புவார். அவர் கிளம்பும் இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டடி முன்னே நிறுத்தினால் தாக்குபவர் உடனே அடித்தாக வேண்டும். இரண்டடி பின்னே நிறுத்தினால் இன்னொரு பாஸுக்கு நேரமிருக்கும். எதைச் செய்வதென்று சொல்லித்தராமலே, ஒருவரை நகர்த்தி யோசிக்க வைத்துவிடுகிறார். இதைக் காணும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

ஆனால் எந்தத் தாளும் முழு ஆட்டத்தைப் பிடித்துவிடாது. காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் நிற்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்காதபடி சம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது; இறைவன் பெயரே யாழ்மூரிநாதர். யாழை முறிக்கப் போன பாணரைச் சம்பந்தர் தடுத்தார் என்கிறது தலவரலாறு. பாட்டு முழுதும் அடங்காவிட்டாலும் கருவி வேண்டியதே. திட்டமும் அப்படித்தான். இறுதிப் பத்து நிமிடத்தை எந்தக் கட்டளையும் இல்லாத ஆட்டத்துக்கு ஒதுக்கும் பயிற்சியாளருக்கு இது தெரிந்திருக்கிறது.

வரிசைமுறையிலும் நயம் உண்டு. தொடக்கத்தில் தூரத்திலிருந்து மெதுவான அடிகள். கீப்பரின் உடம்பு சூடேறாமல் கிட்டத்தில் நின்று விளாசுவது அநியாயம். வேகமாக ஓடும் பயிற்சி அரை நிமிடம் என்றால் ஓய்வு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். மூச்சு வாங்கும் பிள்ளை எதையும் கற்காது.

தளம் சரியில்லையே என்ற கவலையும் வேண்டாம். செயற்கைப் பனித்தளம் இல்லாத காலத்திலேயே சோவியத் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் அனத்தோலி தராசோவ் வெறுந்தரைப் பயிற்சிகளால் பெரும் அணியை வளர்த்தார். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் பக் உருண்டு புரளும். பந்து வைத்து ஆடலாம். கடற்கரை ஊரில் மணலும் உப்புக்காற்றும் பேரிங்கைத் தின்னும் என்பதால், துடைத்து எண்ணெய் விடுவதற்கும் தாளில் ஐந்து நிமிடம் எழுதிவைப்பது நல்லது.

சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் 1000 மீட்டர் வேகச் சறுக்கில் உலகச் சாம்பியன் ஆனபின், பிள்ளைகளைச் சக்கரத்தில் ஏற்றிவிடும் ஆசை நம் பெற்றோரிடம் கூடியிருக்கலாம். அந்தப் பிள்ளை கையில் ஹாக்கி மட்டை பிடித்தால் ஒன்று செய்யுங்கள்: ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பந்தைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது என்று கவனியுங்கள். நிற்பதே அதிகமென்றால், வரிசையை இரண்டாக, மூன்றாகப் பிரிக்கும்படி பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.