மோட்டார் ரசனையும் மறைந்து நிற்கும் மனிதனும்

சென்ற தவணையில் பத்தாந் தர மாணவர்க்கு ‘என் மனங்கவர்ந்த பொருள்’ என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். கற்பிட்டிக் கரையோரத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், அமெரிக்க போர்ட் கம்பனியின் மஸ்டாங் காரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான். அவனுடைய தந்தை கடற்றொழிலாளி. தமையன் மீன் லொறிச் சாரதி. மஸ்டாங் காரை அவன் கண்ணாற் கண்டதில்லை. எனினும் அதன் 5 லீற்றர் எஞ்சின், எட்டுச் சிலிண்டர்களும் சேர்ந்து எழுப்பும் உறுமல், வளைவிலே அது திரும்பும் பாங்கு அனைத்தையும் துல்லியமாக விவரித்திருந்தான். அவன் எழுதிய கட்டுரைகளுள் அதுவே சிறந்தது. நிறையப் புள்ளிகள் வழங்கினேன். ஆயினும் தாளைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

அந்தத் தயக்கத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோட்டார் ரசிகர்களின் அபிப்பிராயங்கள் இன்று ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றை இளைஞர் கதை, கவிதைகளிலும் பார்க்க ஆர்வத்தோடு படிக்கின்றனர். இவ்வெழுத்தை வெறும் விளம்பரமென ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. நல்ல ரசிகன் ஒரு விமர்சகனே. அவன் ஒப்பிடுகிறான், பழைய மாதிரியின் நினைவோடு புதியதை எடைபோடுகிறான், கியர் மாற்றும் கையின் உணர்வைக்கூடச் சொல்லில் வடிக்க முயல்கிறான். பொருளை இவ்வளவு கூர்ந்து நோக்கும் பழக்கம் எமது நூல் மதிப்புரையாளர் பலரிடம் இல்லையென்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அக்கூர்மை எதைக் காண்கிறது, எதைக் காணாது விடுகிறது என்பதே கேள்வி.

முதலிற் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1959 இன் இறுதியில் அமெரிக்க மோட்டார் முதலாளிகள் ‘சிறிய கார்’ என்ற பெயரில் ஒரு புதிய வகையைச் சந்தைக்கு விட்டனர். ஜெனரல் மோட்டர்ஸின் கோர்வெயர், போர்ட்டின் போல்கன், கிறைஸ்லரின் வேலியன்ற் என்பன அவை. போல்கனின் எஞ்சின் ஏறத்தாழ 2.4 லீற்றர், நீளம் நாலரை மீற்றருக்கு மேல். எமது வீதிகளில் ஓடும் யப்பானியச் சிறு கார்களின் எஞ்சினோ 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாது, நீளமும் 3.4 மீற்றருள் அடங்கும். எஞ்சினின் அளவையொட்டி வரி ஏறும் எமது நாட்டில் அமெரிக்காவின் ‘சிறிய’ கார் பெருஞ் செல்வரின் கார். சிறிது, பெரிது என்ற சொற்களே ஒரு சமுதாயத்தின் செல்வநிலையைச் சார்ந்து பொருள் மாறுவன. ரசிகர் அபிப்பிராயத்தை மொழிபெயர்த்துப் படிக்கும் எம் இளைஞன், அந்தச் செல்வநிலையையும் அறியாமலே இரவல் வாங்கிக்கொள்கிறான்.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 இல் அறிமுகமாயிற்று. கட்டற்ற இளமையின் சின்னமெனப் போற்றப்பட்ட அந்தக் கார், சாதாரண போல்கனின் உறுப்புக்கள் பலவற்றின் மீது புதிய உடல் பொருத்திச் செய்யப்பட்டதாகும். முதலாண்டிலேயே நான்கு இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. இடப்பக்கம் ஓடும் எம்மைப் போன்ற நாடுகளுக்கு ஏற்றவாறு வலப்பக்கச் சுக்கானுடன் அதனை ஆலையிலேயே செய்யத் தொடங்கியதோ அரை நூற்றாண்டின் பின்னர், 2015 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்துதான். கனவு எமது கரையை எப்போதோ அடைந்துவிட்டது. சுக்கான் பிந்தியே வந்தது.

இனி, ரசிகத் தீர்ப்பு எங்கே வழுவுகிறது என்பதற்கு வருவோம். 1960 இல் ‘மோட்டர் டிரெண்ட்’ சஞ்சிகை ஆண்டின் சிறந்த காரெனத் தெரிவு செய்தது கோர்வெயரையே. பின்புறத்தே எஞ்சின் கொண்ட அதன் புதுமை அவர்களைக் கவர்ந்தது. அதே காரின் பின் அச்சமைப்பு, கூரிய வளைவுகளில் சாரதியின் பிடியிலிருந்து வண்டியை நழுவச் செய்யக்கூடியதென்று 1965 இல் றால்ப் நேடர் தமது நூலின் முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்காட்டினார். உறுதி தரக்கூடிய ஒரு முன்புறக் கம்பி, செலவு கருதித் தொடக்கத்தில் விடப்பட்டிருந்தது. நேடரின் அந்தரங்க வாழ்வைத் துப்பறிய ஆள் வைத்ததற்காகக் கம்பனியின் தலைவர் 1966 இல் செனற் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டே மோட்டார்ப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று.

கோர்வெயரின் ரசிகர்கள் இதற்கு ஒரு மறுப்புரைப்பர். 1972 இல் வெளியான அரசாங்கப் பரிசோதனை அறிக்கை, சமகாலக் கார்களிலும் பார்க்கக் கோர்வெயர் ஆபத்தானதன்று எனக் கூறியது. உண்மைதான். ஆனால் அம்மறுப்பு யாரைக் காப்பாற்றுகிறது? ஒரு கார் மற்றவற்றிலும் மோசமானதன்று எனின், மற்றவையும் அதற்கு ஒத்தனவே என்பதுதானே பொருள்? ஒரு காருக்காக வாதாடப் புகுந்த ரசிகன், தன்னையறியாமலே முழுத் தொழிற்றுறை மீதும் குற்றஞ் சாட்டிவிடுகிறான்.

இரண்டாவது உதாரணம் இன்னும் தெளிவானது. ஒகாயோ மாநிலத்து லோட்ஸ்டவுன் ஆலையிற் செய்யப்பட்ட ஷெவர்லே வேகா என்னும் சிறிய காரை, அதே சஞ்சிகை 1971 ஆம் ஆண்டின் சிறந்த காரெனத் தெரிவு செய்தது. அந்த ஆலையிலே மணிக்கு நூறு கார் என்ற கணக்கில் உற்பத்திச் சங்கிலி நகர்ந்தது. ஒவ்வொரு காரும் ஒரு தொழிலாளியின் முன் நின்றது முப்பத்தாறு செக்கன்! காரின் வேகத்தைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்த வேகத்தைப் பற்றி எழுதவில்லை. 1972 மார்ச்சில் இளந் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோதுதான் உலகம் அதனை அறிந்தது. வேகாவோ எஞ்சின் கோளாறாலும் துருவாலும் பெயர் கெட்டது.

அதே ஆலை பின்னர் கோபோல்ட் என்ற சிறிய காரைச் செய்தது. அதன் வேக வகை ரசிகரின் பாராட்டையும் பெற்றது. ஆனால் அந்தக் காரின் சாவித் துவாரத்திலிருந்த குறைபாட்டால் ஓடும்போதே எஞ்சின் நின்றுபோயிற்று. விபத்திலே காற்றுப்பையும் விரியாது போயிற்று. கம்பனிக்குள்ளேயே பல்லாண்டுகளாகத் தெரிந்திருந்த இக்குறைபாட்டுக்காகக் கார்கள் 2014 இலேதான் திருப்பி அழைக்கப்பட்டன. இக்குறைபாட்டால் நிகழ்ந்தனவென நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. திருத்துவதற்கான உதிரிப்பாகத்தின் விலை 57 சதமென அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையிற் சுட்டிக்காட்டப்பட்டது. அதன்பின் குரூஸ் என்ற காரைச் செய்துகொண்டிருந்த லோட்ஸ்டவுன் தொழிலாளர், 2019 மார்ச்சில் ஆலையின் கதவு மூடப்பட வெளியே வந்தனர். பெரிய வண்டிகளில் இலாபம் அதிகம். சிறிய கார் இனி வேண்டியதில்லை என்பதே முதலாளிகளின் முடிவாயிருந்தது.

கலை இலக்கியத்தில் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதத்தை இச்சஞ்சிகையின் வாசகர் நன்கறிவர். மோட்டார் ரசிகன் உருவவாதி. பொருளின் அழகை அதனை ஆக்கிய உழைப்பிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே வைத்துப் பார்க்கிறான். ஆனால் இதற்கு மறுதலையாக, கார் முதலாளித்துவப் பண்டம், அதில் ரசிக்க ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சில முற்போக்காளரின் போக்கும் வறட்டுவாதமேயாகும். இயந்திரத்தின் அழகு மனித உழைப்பின் அழகு. அதனை வெறுப்பவன் உழைப்பையும் அறியமாட்டான். எமக்கு வேண்டியது ரசனையைத் துறப்பதன்று, அதனை முழுமையாக்குவது.

முழுமையான விமர்சனம் எங்கேனும் உண்டா? உண்டு. எமது வீதியோரத்துக் கராஜுகளிலே உண்டு. புத்தளத்து உப்புக் காற்றில் எந்த வண்டியின் தகடு எத்தனை மழைகாலந் தாங்கும், எந்த எஞ்சினின் உதிரிப்பாகம் கிடைக்கும், எது ஏழையின் கையைக் கடிக்காமல் ஓடும் என்று கூறும் பாஸிடம் அது உண்டு. கற்பிட்டியில் மீனேற்றி இரவெல்லாம் கண்விழித்து விடியுமுன் பேலியகொடைச் சந்தை சேரும் கூலர் லொறிச் சாரதியிடமும் உண்டு. வண்டியைப் பற்றி அவர் பேசும்போது பிரேக்கும் வருகிறது, தூக்கமும் வருகிறது, முதலாளி கொடுக்கும் கூலியும் வருகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பேச அவரால் இயலாது. அவரது அபிப்பிராயத்தை அச்சிடுவார் எவருமில்லை.

இந்நாட்டு வரலாறும் இதே பாடத்தைப் புகட்டியிருக்கிறது. அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கிய 2020 இல் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் எனப் பெற்றோல் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் எண்ணெயின்றிக் கரையிலே கிடந்த படகுகளை எம் மாணவர் மறந்திருக்கமாட்டார். 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் கதவு திறக்கப்பட்டதும் அபிப்பிராயங்களின் பெருவெள்ளமும் மீண்டது. இறக்குமதிக்கான டொலரில் ஒரு பங்கு, மத்திய கிழக்கு நாடுகளில் பிறர் வீட்டு அடுப்படியில் நிற்கும் எம் பெண்களின் உழைப்பால் வந்தது. கொழும்பு வீதியில் வழுக்கிச் செல்லும் காரின் மினுக்கத்தில் அவர்களின் முகத்தைக் காணாத ரசனை, அரைக் கண் ரசனையே.

மூன்றாம் நாள் மாணவனின் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். புள்ளியைக் குறைக்கவில்லை. அடியில் மூன்று கேள்விகள் மட்டும் எழுதியிருந்தேன்: இதனைச் செய்தவர் யார்? இதன் விலையைச் செலுத்துபவர் யார்? உன் தமையன் ஓட்டும் வண்டியைப் பற்றி ஏன் எழுதவில்லை?

ஒரு வாரத்தின்பின் அவன் இரண்டு பக்கங் கொண்டுவந்தான். தமையனின் லொறி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எங்கே தேநீருக்கு நிற்கிறது, எந்த வளைவிலே கண் சொருகுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தான். கியர் மாறும் ஒலியையும் விட்டுவிடவில்லை. மஸ்டாங்கைப் பார்க்கக் கற்ற கண்ணாலேயே அந்தப் பழைய லொறியையும் பார்த்திருந்தான். இறுதியில், “சேர், நானா ஒருநாளைக்கு எத்தனை மணித்தியாலம் தூங்குகிறாரென்று இதை எழுதும்போதுதான் கணக்குப் பார்த்தேன்” என்று எழுதியிருந்தான்.

ஆசிரியரும் மாணவருமாகிய எமது விமர்சனப் பணி தொடங்கவேண்டிய இடம் அந்தக் கணக்குத்தான்.