வீட்டில் கழியும் விடுமுறை: தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும்

பள்ளிக்கூடத்து மணிக்கு அடங்கி ஆண்டின் பெரும்பகுதியைக் கழித்த பிள்ளைகளுக்கு விடுமுறை வரும்போது, வெளியூர்ப் பிரயாணம் எதுவுமின்றி, தம் வீட்டிலேயே அந்நாட்களைப் பிரயோஜனமாகக் கழிப்பது எவ்விதம் என்ற யோசனை எந்தப் பெற்றோருக்கும் உண்டாவதுதான். ஆனால் பாக் ஜலசந்திக்கு இப்புறமும் அப்புறமும், ஒரே பாஷையைப் பேசி, ஒரே சித்திரைப் பிறப்பைக் கொண்டாடி வரும் ஜனங்கள், இந்த விஷயத்தில் வெவ்வேறு வழிகளில் சென்றிருக்கிறார்கள் என்பது போதிய கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சுபாவ பேதம் அன்று. பஞ்சாங்கமும் வெயிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்யாணச் சம்பிரதாயமும் சேர்ந்து உண்டாக்கிய வித்தியாசம் அது.

தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் 'பெரிய லீவு' என்பது ஒன்றே. காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளுக்குப் பின் கிடைக்கும் சில நாட்களை அவன் லீவென்றே மதிப்பதில்லை. முழுப் பரீட்சை முடிந்து, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நீளும் கோடை விடுமுறைதான் அவன் கண்ணுக்கு விடுமுறை. இலங்கையிலோ பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளாகப் பிரிந்திருப்பதால், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என மூன்று விடுமுறைகள் வருவது வழமை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் காலத்தை ஒட்டித் தனி அட்டவணை உண்டு. கொரோனா நோய்த்தொற்றும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் இந்த ஒழுங்கைச் சில ஆண்டுகள் குலைத்துவிட்டன என்றாலும், பெரியவர்களின் நினைவில் பதிந்திருப்பது அந்த மூன்று விடுமுறைகளின் ஒழுங்குதான்.

இனிக் கல்யாணச் சம்பிரதாயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் மணமான பெண் கணவன் வீட்டுக்குப் போய்விடுவதால், அவளுடைய பிள்ளைகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீடு என்பது பஸ்ஸோ ரயிலோ ஏறிப் போக வேண்டிய இடமாயிற்று. பெரிய லீவுக்கும் பாட்டி வீட்டுக்கும் ஏற்பட்ட பந்தம் அவ்வளவு பலமானது. லீவில் ஊருக்குப் போகாமல் வீட்டிலேயே தங்க நேர்ந்த பிள்ளை, ஏதோ ஒரு பாக்கியத்தை இழந்தவன்போல, அடுத்த தெருப் பையன்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று நாளெண்ணிக் கிடப்பான். யாழ்ப்பாணத்திலோ, பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது நெடுநாளைய வழக்கமாகையால், மணமகனே மனைவியின் வளவுக்கு வந்து குடியேறுவான். ஆகவே அங்கே அம்மம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலோ, பல வீடுகளில் அதே முற்றத்திலோ இருக்கிறாள். பெரியம்மாவும் சின்னம்மாவும் வேலியில் விட்ட பொட்டுக்குள்ளால் நுழைந்து போகும் தூரத்தில் இருக்கிறார்கள். அங்குள்ள பிள்ளைக்கு விடுமுறை என்பது ஓரிடம் போவதாயிராமல், ஏற்கனவே இருக்கும் இடத்தில் முழு நேரமும் இருக்கக் கிடைப்பதாக இருந்தது. வீட்டு விடுமுறை அங்கே ஒரு குறையாகத் தோன்றாமற்போனதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் துணிபு.

அவ்வாறாயினும், ஊருக்குப் போகாத தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு வீட்டில் வேலையில்லாமற் போகவில்லை. சித்திரை பிறந்து, கத்திரி வெயில் தகிக்கத் தொடங்கியதும், வீடுகளில் வடாம் போடும் காரியம் ஆரம்பமாகும். அரிசி மாவையோ ஜவ்வரிசியையோ விடியற்காலையில் கூழாகக் காய்ச்சி, பச்சைமிளகாய் அரைத்துவிட்டு, உப்பும் பெருங்காயமும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்து, சூடு ஆறுமுன் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பழைய வேட்டியை விரித்து அதன்மேல் கரண்டியால் ஊற்றியும் அச்சில் போட்டுப் பிழிந்தும் வைத்துவிட்டுப் பெரியவர்கள் இறங்கிவிடுவார்கள். அதற்குப்பின் காக்கைக்குக் காவல் பிள்ளைகளுடைய பொறுப்பு. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு குடையும் ஒரு குச்சியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் காவலுக்குக் கூலி, மேலே காய்ந்து உள்ளே இன்னும் குழைவாயிருக்கும் அரைப்பத வடாம். மறுநாள் வேட்டியைத் திருப்பிப்போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து, கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்தெடுக்கச் சிறு விரல்களே தோதானவை என்பதை எந்தப் பாட்டியும் அறிவாள். வெயில் உச்சிக்கு ஏறியதும் காவல் முடிந்து கதவடைத்த கூடத்துக்குள் தாயமும் பல்லாங்குழியும் பரமபதமும் தொடங்கும். அந்தி சாய்ந்தபின் மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால் கதை சொல்ல யாராவது அகப்படுவார்கள். அக்கோடையின் நல்ல பகுதி எல்லாம் காலை வெயிலிலும் இரவின் குளுமையிலுமே நடந்தது. நடுவே கிடந்த நீண்ட பகலோ, வெயிலுக்கு ஒதுங்கிக் கழிக்க வேண்டிய ஒன்றாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்து மூன்று விடுமுறைகளுக்கு அத்தகைய நிர்ப்பந்தமில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருவத்தில் வருவதால், ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு தனித் தொழில் காத்திருந்தது. ஏப்ரலில் வேம்பு பூத்திருக்கும். மரத்தடியைக் கூட்டிப் பெருக்கி, சாக்கையோ பழஞ்சேலையையோ விரித்துவிட்டுக் காத்திருந்து, உதிர்ந்த பூவை அள்ளிப் புடைப்பது பிள்ளைகளின் வேலை. இவ்வேலை இரு கரைக்கும் பொது; ஆனால் அந்தப் பூ தமிழ்நாட்டில் வருஷப் பிறப்பன்று பச்சடியாகவும் பின்னர் ரசமாகவும் ஆக, யாழ்ப்பாணத்தில் அரைத்த உளுந்தோடும் வெங்காயத்தோடும் செத்தல் மிளகாயோடும் பிசைந்து, தட்டிக் காயவைத்த வடகமாகி, ஆண்டு முழுவதும் சோற்றுக்குப் பொரித்துக்கொள்ளும் பண்டமாகிறது.

ஆகஸ்டு விடுமுறைதான் நான் விசேஷமாகச் சொல்ல விரும்புவது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறித் திருவிழா நடக்கும் அக்காலத்தில், பனைகள் பழுத்துப் பழத்தைச் சொரியும். விடிவதற்கு முன்னே தொப்பென்று விழும் ஓசையைப் பாயிற் கிடந்தபடியே கேட்டு, எந்தப் பனையடியென்று நிதானித்து, அடுத்த வளவுப் பையன் எழுமுன் ஓடிப் பொறுக்கி வருவதிலேயே நாள் தொடங்கும். தோலை உரித்து, தும்பிலிருந்து களியைப் பிசைந்து பிழிந்து, சிறிதளவைப் பனங்காய்ப் பணியாரத்துக்கு எடுத்துக்கொண்டு, மிகுதியைப் பந்தலில் விரித்த ஓலைப் பாயில் மெல்லியதாகப் பரப்புவார்கள். அது காய்ந்தபின் மறுபடி ஒரு படை, அதன்மேல் இன்னொரு படை என்று நாட்கணக்கில் ஊற்றிக் காயவைத்து, தோல்போல் உரித்தெடுத்தால் பினாட்டு. களி போன கொட்டைகளை எறிந்துவிடமாட்டார்கள். மண்ணைக் கூட்டிப் பாத்தி கட்டி, அதில் நெருங்க அடுக்கி மூடிவைப்பார்கள். மாரி மழையில் அவை முளைத்து வேரோடி, மூன்று நான்கு மாதத்தில் கிழங்காகும். அதாவது ஆகஸ்டு விடுமுறையில் ஒரு பிள்ளை தன் கையால் அடுக்கிய கொட்டையை, டிசம்பர் விடுமுறையிலோ தைப்பொங்கலை அண்டியோ அவனே கிண்டி எடுக்கிறான். பிளந்த கொட்டைக்குள் இருக்கும் இனிப்பான பூரானை அங்கேயே நின்று தின்கிறான். கிழங்கைக் கிழித்துப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் காய்ச்சிய கூழைப் பிலாவிலையில் வார்த்துக் குடிக்கும்போது, அதற்கு முந்திய விடுமுறையில் தான் பட்ட பாடு எங்கே வந்து முடிந்ததென்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லாமலே அவன் அறிந்துகொள்கிறான்.

டிசம்பரில் வாடைக்காற்று. அப்பொழுது பட்டம் கட்டாத பையனை யாழ்ப்பாணத்தில் காண்பது அரிது. கொக்குப் பட்டம், பிராந்து, எட்டுமூலை என்று வகைவகையாக, சிலாகை சீவி, நிறை பார்த்து, முச்சை கட்டி, வில்லில் மெல்லிய நாரை இழுத்துப் பூட்டிய 'விண்'ணை உச்சியில் பொருத்தி ஏற்றிவிட்டு, இரவில் மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால், அது விடியும்வரை கூவிக்கொண்டிருக்கும். நிறை ஒரு நூலளவு தவறினால் பட்டம் குத்துக்கரணம் போடும்; அதைச் சரிசெய்யத் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றும் பொறுமையை எந்த வகுப்பிலும் கற்பிக்க முடியாது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு வரும் பிரம்மாண்டமான பட்டங்களெல்லாம் இத்தகைய வீட்டு முற்றங்களில் கற்ற வித்தையின் முதிர்ச்சியே.

இவ்விரண்டில் யாழ்ப்பாணத்து முறைக்கே என் மனம் சாய்கிறது என்பதை மறைப்பானேன்? ஒரு வேலையைத் தொடங்கிவைத்து, அதைக் கைவிட்டுப் பாடசாலைக்குப் போய்வந்து, அடுத்த விடுமுறையில் அதன் பலனைக் காணுகிற அனுபவத்தை ஒரே நீண்ட கோடை விடுமுறை தர இயலாது. ஆயினும் இரு தேசத்தாருக்கும் பொதுவான ஒரு அநீதியையும் சொல்லியாக வேண்டும். மேலே 'அவன்' என்று நான் எழுதியது வெறும் இலக்கண வசதிக்காக அன்று. பட்டமும் பனையடி ஓட்டமும் பெரும்பாலும் ஆண்பிள்ளைக்கே கிடைத்தன. பெண்பிள்ளைக்கு, கொக்கான் வெட்டவும் பல்லாங்குழி ஆடவும் ஒழிந்த சிறு பொழுது போக, விடுமுறை என்பது அம்மாவுக்குச் சம்பளமில்லாத ஒத்தாசையாளாக முழுநாளும் நிற்பதாகவே இருந்தது. களி பிழிந்தவளும் அவளே. கைகழுவிச் சமையலுக்குப் போனவளும் அவளே. பழைய விடுமுறைகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

அவளுக்கும் அவனுக்கும் சமமாகக் கிடைத்தது வாசிப்பு. 1947 ஜூலையில் வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமாவும், கல்கியில் வந்த தொடர்கதைகளைக் கத்தரித்துக் கட்டிய தடித்த பைண்டுகளும், சென்னையிலும் சாவகச்சேரியிலும் ஒன்றுபோலவே கை மாறின. யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு: கே. எம். செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டிலேயே வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கிய புத்தகங்களிலிருந்துதான் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் பிறந்தது. அதன் புதுக் கட்டடத்துக்கு ஆலோசனை கூறியவர், சீர்காழியிற் பிறந்து, சுதந்திர இந்தியாவில் முதலாவதான 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கு மூலகாரணராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், வரைபடம் அமைத்தவரும் சென்னையைச் சேர்ந்த நரசிம்மனே. 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம், 1981 ஜூன் முதல் தேதியை ஒட்டிச் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்த ஆகஸ்டு விடுமுறையில் புத்தகத்துக்குப் பிள்ளைகள் மீண்டும் வீடுகளையே நாட வேண்டியதாயிற்று.

அதற்குப் பின் வந்த உள்நாட்டு யுத்த வருஷங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் முடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் கேட்க, டைனமோவில் வானொலியைப் பாடவைத்தார்கள். பாடசாலை எப்போது மூடும் எப்போது திறக்கும் என்று நிச்சயமில்லாத அக்காலத்தில், பிள்ளைகளை வீட்டோடு வைத்துப் பராமரிக்கும் வித்தை பெற்றோருக்கு வலிந்து கற்பிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் இரு தேசங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டபோது, நகரத்துப் பெற்றோர் பலர் திகைத்து நின்றார்கள். ஊரடங்கை முன்பே அறிந்த யாழ்ப்பாணத்து அம்மம்மாக்களுக்கு அது பழகிய சங்கதி.

இன்று இவ்வித்தியாசங்கள் விரைவாக மறைந்து வருகின்றன. கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியில் வளரும் பிள்ளை, சாவகச்சேரியிலுள்ள தன் மச்சானைக் காட்டிலும் தியாகராயநகர் அடுக்குமாடிப் பிள்ளைக்கே நெருங்கிய உறவாகத் தோன்றுகிறான். அங்கே பனையடியுமில்லை, இங்கே மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. எஞ்சிய பொழுதையும் தனிவகுப்பு விழுங்குகிறது. யாழ்ப்பாணத்தில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் தொடங்கி, விடுமுறை என்றாலே ரியூட்டரிக்குக் காலையும் மாலையும் போவது என்றாகி, சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு உயர்தரத்துக்கு வகுப்பு ஆரம்பமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்குக் கோடையிலேயே அடுத்த வகுப்பின் பாடத்தைத் தொடங்குகிறார்கள். படிப்பை நான் இகழவில்லை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இருக்கும் போட்டியைப் பெற்றோர் கற்பித்துக்கொண்டதாகவும் சொல்லவில்லை. ஆனால் பினாட்டுக்கு ஊற்றவும் வடாம் பிழியவும் வேண்டியது காலை வெயில். அதே காலை எட்டு மணிக்குத்தான் இரு ஊர்களிலும் வகுப்பு வைக்கிறார்கள். அவ்வகுப்பை நடத்தும் ஆசிரியர்கள் விடுமுறையில் மட்டுமாவது அதைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டால், பிள்ளைக்கும் வீட்டுக்கும் காலைகள் திரும்பக் கிடைக்கும். பாடத்தில் ஒரு பக்கமும் குறையாது.