காலக்கணக்கும் நிலைநிற்கும் விசுவாசமும்

கடைசிக் காலத்தைக் குறித்து 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த நூலொன்று, அதன் ஆசிரியர் 2024-இல் மறைந்த பின்னரும் நம் பிரசங்க மேடைகளை விட்டு அகலவில்லை. ஹால் லிண்ட்ஸே என்பவர் கரோல் கார்ல்சன் என்னும் எழுத்தாளரின் துணையுடன் எழுதிய 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்' என்பதே அந்நூல். அந்நாட்டில் அப்பத்தாண்டில் மிகுதியாக விற்பனையான நூல்களுள் அது ஒன்று. பின்னர் திரைப்படமாகவும் வந்தது. நம்முள் அதைப் படித்தவர் சிலரே. ஆயினும் அதன் கருத்துகளைக் கேளாதவர் அரியர். தானியேலின் ஆகமத்தையும் செய்தித்தாளையும் அருகருகே விரித்து ஒன்றினால் மற்றொன்றை விளக்கும் முறையை நம் மக்கள் நன்கறிவர்.

இந்நூலை இன்று மீண்டும் எடுத்து ஆராய்வதன் நோக்கம், பொய்த்துப்போன கணக்குகளைச் சுட்டி நகைப்பதன்று. கடைசிக் காலத்திற்கென்று ஒரு சபையை ஆயத்தம் செய்வது எவ்வாறு என்னும் கேள்விக்கு இந்நூல் ஒரு விடை தருகிறது. அவ்விடை நிலைநிற்கும் விசுவாசத்தைக் கட்டுகிறதா என்பதே நாம் இங்குக் கொள்ளும் அளவுகோல்.

நூலின் நிறை

முதலில் நூலுக்குரிய நியாயத்தைச் செய்வோம். அணுகுண்டின் அச்சம் உலகைக் கவ்வியிருந்த காலத்தில் இந்நூல் எழுந்தது. வரலாறு தலைவனில்லாத தேர் அன்று, அதற்கு ஆண்டவர் ஒருவர் உண்டு, அவர் வருவார் என்று அது சாதாரண மக்களுக்கு விளங்கும் நடையில் எடுத்துரைத்தது. இறையியல் நூல்களை ஒருநாளும் தொடாத பலரைத் திருமறையைத் திறக்கச் செய்தது. அதைப் படித்து மனந்திரும்பியோரும் உண்டு. அவர்களுடைய மனமாற்றத்தை ஐயுறுவது நம் வேலையன்று.

கணக்கின் கதி

நூலின் மையவாதம், ஆண்டவர் கூறிய அத்திமர உவமையைப் பற்றி நிற்கிறது. அத்திமரம் துளிர்ப்பது இஸ்ரவேல் மீண்டும் ஒரு நாடாவதைக் குறிக்கும். அது 1948-இல் நிறைவேறியது. ஒரு சந்ததி என்பது ஏறத்தாழ நாற்பது ஆண்டு. ஆகவே அந்நாற்பது ஆண்டுகளுக்குள் அனைத்தும் நிகழக்கூடும் என்கிறார் ஆசிரியர். 'இது சரியானால்' என்னும் நிபந்தனையை அவர் சேர்த்தது உண்மையே. ஆயினும் வாசகரின் நெஞ்சில் பதிந்தது நிபந்தனையன்று, ஆண்டே. 1988 வந்தது, சென்றது. தானியேல் கண்ட பத்துக் கொம்புகளை ஐரோப்பியப் பொதுச் சந்தையில் உருவாகவிருந்த பத்து நாடுகளாக அவர் கண்டார். அவர் எழுதியபோது அதில் ஆறு நாடுகளே இருந்தன. 1981-இல் கிரேக்க நாடு சேர்ந்தபோது எண்ணிக்கை பத்தாயிற்று, பலர் வியந்தனர். 1986-இல் அது பன்னிரண்டாயிற்று. அதன் வழிவந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று இருப்பவை 27 நாடுகள்.

கணக்குத் தவறியது மட்டுமே குறையென்றால், வேறொருவர் திருத்திய கணக்கொன்றைக் கொண்டு வரலாம். அமெரிக்காவில் 1844-இல் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோரும், 2011-இல் ஹரால்ட் கேம்பிங்கின் சொல்லை நம்பியோரும் ஏமாந்த வரலாற்றை நாம் அறிவோம். ஒவ்வொரு முறையும் கணக்குத் திருத்தப்பட்டது. கணக்கிடும் மனப்பாங்கு திருத்தப்படவில்லை. எனவே குறை இன்னும் ஆழத்தில், திருமறையை வாசிக்கும் முறையில் இருக்கிறது.

மூன்று பகுதிகள்

முதலாவது, அத்திமரம். இதே உவமையை லூக்கா 21:29 தரும்போது, அத்திமரத்தோடு மற்றெல்லா மரங்களையும் பார்க்குமாறு ஆண்டவர் கூறுவதாகக் காண்கிறோம். அத்திமரம் இஸ்ரவேலானால் மற்ற மரங்கள் எவை? உவமை பேசுவது ஒரு நாட்டின் பிறப்பைப் பற்றியன்று. துளிர் கண்டு வேனில் அறியும் எளிய உழவனின் விழிப்பைப் பற்றியே. மேலும் அதே பேச்சில், அந்த நாளையும் நாழிகையையும் பிதாவையன்றி ஒருவரும் அறியார் என்ற தெளிவான சொல்லும் இருக்கிறது.

இரண்டாவது, வெளிப்படுத்தின விசேஷம் 3:10. சோதனைக் காலத்திற்குத் தப்பப் பிலதெல்பியா சபையைக் காப்பதாக ஆண்டவர் வாக்களிக்கிறார். உபத்திரவத்திற்கு முன்பே சபை உலகினின்று எடுத்துக்கொள்ளப்படும் என்பதற்கு இம்மரபினர் காட்டும் சான்றுகளுள் இது முதன்மையானது. கிரேக்க மூலத்தில் இங்குள்ள 'தேரெயின் எக்' என்னும் சொற்றொடர் யோவான் 17:15-இலும் வருகிறது. அங்கோ ஆண்டவர், தம்முடையவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டாமல், தீமையினின்று காக்கும்படி வேண்டுகிறார். ஒரே சொற்றொடர், எடுத்துக்கொள்ளுதலுக்கு எதிராகக் காத்தலை நிறுத்துகிறது. காப்பது என்பது களத்திலிருந்து அகற்றுவதன்று, களத்தில் விழாமல் நிறுத்துவது.

மூன்றாவது, 1 தெசலோனிக்கேயர் 4:17. கர்த்தருக்கு எதிர்கொண்டு போவதைப் பற்றிய இவ்வசனத்திலுள்ள 'அபாந்தேசிஸ்' என்னும் சொல், வருகிறவரை ஊரெல்லைக்குச் சென்று வரவேற்பதைக் குறிக்கப் பயின்று வந்த சொல். அப்போஸ்தலர் 28:15-இல் ரோமாபுரிச் சகோதரர் அப்பியுபுரம் வரைக்கும் மூன்று சத்திரம் வரைக்கும் பவுலுக்கு எதிர்கொண்டு வந்தபோதும் இச்சொல்லே வருகிறது. வந்தவர்கள் பவுலோடு வேறெங்கும் தப்பிச் செல்லவில்லை. அவர் ரோமாபுரிக்குள் சென்றார். வருகிறவரை எதிர்கொள்ளும் நம்பிக்கையை, இவ்வுலகைக் கைவிட்டுச் செல்லும் நம்பிக்கையாக மாற்றியது வாசிப்பின் பிழை. இவ்வாசிப்பு திருச்சபையின் பழைய மரபுமன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியினால் பரவி, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு திருமறைக் குறிப்புகளால் வேரூன்றியது.

சபையில் விளைவு

இப்பிழை வகுப்பறையோடு நிற்பதானால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நாம் ஆயராகப் பணிபுரிந்த ஊரொன்றில், கடைசிக் காலக் கூட்டங்கள் முடிந்த மறுவாரம் ஒரு தாய் வந்து, மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்கப் பணம் கட்டுவதா, வேண்டாமா என்று கேட்டார். அவருடைய கண்களில் இருந்தது எதிர்பார்ப்பன்று, திகில். சில மாதங்களில் திகில் தணிந்தது, பணமும் கட்டினார். ஆனால் அதன்பின் ஆண்டவரின் வருகையைப் பற்றி எவர் பேசினாலும் அவர் முகத்தில் ஒரு மெல்லிய சலிப்பு தோன்றக் கண்டோம். அச்சத்தினால் எழுப்பப்பட்ட விசுவாசம், அச்சம் ஓய்ந்தவுடன் தானும் ஓய்கிறது. தெசலோனிக்கேயாவிலும் நாள் வந்துவிட்டதென்று கலங்கினோர் இருந்தனர்; வேலை செய்யாமல் திரிந்தோரும் இருந்தனர். அப்போஸ்தலன் முன்னவரைக் கலங்காதிருக்கவும், பின்னவரை அமைதலோடு உழைத்து உண்ணவும் பணித்தார்.

யோவானின் வாசகர்கள்

அவ்வாறாயின் கடைசிக் காலத்தைக் குறித்து மிகுதியாகப் பேசும் வெளிப்படுத்தின விசேஷம் தன் முதல் வாசகரிடம் கேட்டது என்ன? இதை அறிய, திருமறைக்குப் புறம்பான ஒரு சான்று நமக்குப் பேருதவி செய்கிறது. ஏறத்தாழ கி.பி. 112-இல், பித்தினியா பொந்து மாகாணத்தை ஆண்ட பிளினி என்பவர் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதமே அது. அம்மாகாணம் ஏழு சபைகள் இருந்த ஆசியா மாகாணத்திற்கு அண்டையிலுள்ளது.

தேவர்களின் உருவங்களையும் பேரரசரின் சிலையையும் வணங்கிக் கிறிஸ்துவைச் சபிக்குமாறு பிளினி விசாரணைக்கு வந்தோரைப் பணித்தார். அவர்களுள் சிலர் எளிதாக இணங்கினர். தாங்கள் ஒருகாலத்தில் கிறிஸ்தவராயிருந்து பின் விட்டுவிட்டதாகவும், அது பல ஆண்டுகளுக்கு முன் என்றும், ஓரிருவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே என்றும் கூறினர். இருபது ஆண்டைக் கழித்துப் பாருங்கள்: தொமித்தியானின் ஆட்சிக்காலம், அறிஞர் பெரும்பாலோர் வெளிப்படுத்தின விசேஷம் எழுதப்பட்டதாகக் கருதும் காலம். அதாவது, யோவான் பத்முவில் தரிசனம் கண்டுகொண்டிருந்த ஆண்டுகளை ஒட்டி, அண்டை மாகாணத்தில் விசுவாசிகள் சிலர் சபையை விட்டு நழுவிக்கொண்டிருந்தனர். அவர்களை வாள் துரத்தியதாக அக்கடிதம் கூறவில்லை. ஏழு நிருபங்களிலும் கொல்லப்பட்டவராகப் பெயர் குறிக்கப்படுபவர் அந்திப்பா ஒருவரே. முதல் அன்பு குறைதல், உயிருள்ளதென்ற பெயரோடு செத்திருத்தல், அனலுமின்றிக் குளிருமின்றி வாழ்தல் ஆகியவையே அங்குச் சுட்டப்படும் பெரிய ஆபத்துகள்.

நிலைநின்றவர்கள் யாவர்? பிளினியே எழுதுகிறார். உண்மையை அறிவதற்காக, பணிவிடைக்காரிகள் என்று சபையில் அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை அவர் வதைத்தார். ஆளுநருக்குப் புலப்பட்டது மூடநம்பிக்கையேயன்றி வேறொரு குற்றமுமில்லை. அவர்களுடைய சபை எதைக் கொண்டு கட்டப்பட்டது என்பதும் அக்கடிதத்திலேயே இருக்கிறது. குறித்த நாளில் விடியுமுன் கூடினர். கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடினர். களவும் விபசாரமும் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, ஒப்படைத்த பொருளை மறுப்பதில்லை என்று உறுதி எடுத்தனர். பின்னர் மீண்டும் கூடி எளிய உணவு உண்டனர். கடைசிக் காலத்திற்கான ஆயத்தம் என்று வேறொன்று அங்கில்லை. வாரந்தோறும் கூடிய கூட்டமும் நாள்தோறும் காத்த நேர்மையுமே அப்பெண்களுக்கு வதையறையில் துணை நின்றன என்று கொள்வது பொருந்தும்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழுமுறை வரும் 'ஹுப்போமொனே' என்னும் சொல் இதையே குறிக்கிறது. பாரத்தின் கீழ் விலகாமல் தங்கியிருத்தல் என்பது அதன் பொருள். நம் திருப்புதல் அதைப் பொறுமை என்கிறது. அன்றாட வழக்கில் இச்சொல் சினம் கொள்ளாமையாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் பொறு என்னும் வினையடி சுமப்பதைக் குறிக்கும். பொறை என்பதற்குச் சுமை என்றும் பொருளுண்டு. எனவே திருப்புதலில் குறையில்லை. சொல்லின் பழைய வலிமையை மீட்டுத் தருவது பிரசங்கியின் கடமை. மிருகத்தையும் அதன் முத்திரையையும் பேசும் 13, 14-ஆம் அதிகாரங்களிலும், யோவான் தம் வாசகரை நிறுத்துகிற இடம் பரிசுத்தவான்களின் பொறுமையே. முத்திரை எதுவென்று கண்டறிவதைவிட, அதை ஏற்காமல் நிற்க வலிமை பெறுவதே அவருடைய கவலை.

நம் பங்கு

லிண்ட்ஸேயைக் குறைகூறி முடித்துவிட்டால் இத்திறனாய்வு நேர்மையுடையதாகாது. அவர் வந்து நிரப்பிய வெற்றிடத்தை உண்டாக்கியவர் யார்? 1522-இல் லூத்தர் இந்த ஆகமத்தைக் குறித்துத் தம் தயக்கத்தை வெளிப்படையாக எழுதினார்; கல்வின் இதற்கு விளக்கவுரை எழுதவில்லை. நம் காலத்தில் இறையியல் கல்வி பெற்றோர் டாட், புல்ட்மன் ஆகியோரைப் படித்து, கணக்கு தவறென்று கற்றனர். கற்றபின் வருகையைப் பற்றிப் பேசுவதையே விட்டனர். 1964-இல் மோல்ட்மன் நம்பிக்கையின் இறையியலை எழுதிய பின்னரும், நம் பிரசங்கங்களில் பெரிய மாற்றம் வரவில்லை. திருவருகைக் காலத்து ஞாயிறுகளில்கூடப் பெத்லகேமைப் பேசி முடிக்கிறோம். மேய்ப்பன் பேசாத பொருளைப் பற்றி மந்தை அயலானிடம் கேட்டறிந்தால், குற்றம் மந்தையுடையதன்று.

கையில் கருவிகள் இல்லாமலில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் 1950-ஆம் ஆண்டுத் திருவிருந்து முறையிலேயே, ஆண்டவரின் மரணத்தை நினைத்து, உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டு, வருகைக்குக் காத்திருப்பதாகச் சபை ஒருமித்துச் சொல்கிறது. அம்மூன்றாம் கூற்றை நாம் விளக்கியதுண்டா? திடப்படுத்தல் வகுப்பிற்கு வரும் இளைஞருக்கு ஏழு நிருபங்களை, ஒரு வாரத்திற்கு ஒன்றாக, அவர்களுக்கே எழுதப்பட்டவையாக வாசித்துக் காட்டியதுண்டா? அந்நிருபங்கள் ஒவ்வொன்றும் சபைகளுக்கு ஆவியானவர் சொல்வதைக் கேட்குமாறு முடிகின்றன. காலவரிசையில் அடுக்குமாறு அல்ல.

அந்தத் தாய்க்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே: ஆண்டவர் வருகிறார், ஆகவே பணத்தைக் கட்டுங்கள். அவர் வரும்போது உங்கள் மகள் நோயாளியின் படுக்கையருகே விழித்திருக்கக் காண்பாராக. அன்று நாம் அவ்வாறு சொல்லவில்லை. அஞ்ச வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். வருகையைப் பற்றிய திகிலைப் போக்கினோம். வருகையின் நம்பிக்கையைக் கொடுக்கவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்கும் வரை, கணக்குப் போடுகிறவர்களுக்கு நம் மேடைகளில் இடம் இருந்துகொண்டே இருக்கும்.