விரல் மடங்கும் அழகு

பெதஸ்தா நிறுவனம் 'ஸ்கைரிம்' விளையாட்டின் வி.ஆர். (மெய்நிகர்) பதிப்பை 2017 நவம்பரில் பிளேஸ்டேஷனுக்கும், 2018 ஏப்ரலில் கணினிக்கும் கொண்டுவந்தது. பனிமலையும் டிராகனும் நிஜ அளவில் கண்முன் நின்றன; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தால்தான் சிக்கல். உடம்பைக் காணோம்! இரண்டு கைகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன.

அந்த உடம்பைத் தந்தது 'வி.ஆர்.ஐ.கே' என்ற மோட், அதாவது விளையாட்டில் சேர்த்துக்கொள்ள ரசிகர்களே செய்த மாற்றம். தலையும் இரு கைகளும் இருக்குமிடத்தை வைத்தே முழங்கை எப்படி மடங்கும், தோள் எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. வாளை இடுப்பிலிருந்து உருவலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'ஹிக்ஸ்' என்ற இன்னொரு மோட். மேஜையில் இருக்கும் கோப்பையை நோக்கிக் கையை நீட்டிப் பிடித்தால், விரல்கள் அதன் வளைவுக்கு ஏற்ப மடங்குகின்றன. தட்டு என்றால் பிடி வேறு. அசட்டையாகக் கையை வீசினால் பக்கத்திலிருக்கும் பாத்திரம் உருண்டு விழும். சண்டைக்குப் போகாமல் சாராயக் கடையில் சாமான்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பதே சுகம். விற்பனைக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் ஒரு விரலுக்காக இவ்வளவு மெனக்கெடுமா என்ன?

ஆனால் அதிகாரப்பூர்வப் பதிப்பு என்ற அடித்தளம் இல்லாமல் இவை எதுவும் இல்லை. மோட்களை ஒன்றோடொன்று மோதாமல் நிறுவுவதும் பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். அந்தத் தலைவலியும் கணினிக்காரர்களுக்கு மட்டுமே. பிளேஸ்டேஷனில் வாங்கியவர்களுக்கு மோட் வசதியே கிடையாது.