படிகளை எண்ணி ஆழம் பார்ப்பது

ஓர் ஆட்டத்தின் ஆழத்தை அளக்க ஒரு வழி உண்டு. காய் நகர்த்தத் தெரிந்தவரிலிருந்து உலகின் தலைசிறந்தவர் வரை ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்த வேண்டும். நாலு ஆட்டத்தில் மூன்றை வெல்பவர் ஒரு படி மேலே. மொத்தம் எத்தனை படி என்பதே ஆழம். செஸ்ஸில் ஆட்டக்காரரின் வலிமையைக் காட்டும் தரப்புள்ளிக்கு எலோ என்று பெயர்; 200 எலோ புள்ளி ஏறத்தாழ ஒரு படி. 1000 புள்ளிக்காரரிலிருந்து, 2014இல் மேக்னஸ் கார்ல்சன் தொட்ட 2882 வரை ஒன்பது படிக்கு மேல் வருகிறது.

இந்த அளவுகோலை நான் மதிக்கிறேன். பலகையில் எத்தனை கோடி நிலைகள் வரக்கூடும் என்ற கணக்கு பிரமிக்க வைக்கலாம்; ஆனால் கற்றுத் தேற எதுவும் இல்லாத ஆட்டத்திலும் நிலைகள் கோடிக்கணக்கில் இருக்கலாம். படிக்கணக்கு அப்படி ஏமாறாது. உழைத்தால் மேலே போக இடம் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது.

சிக்கல் வேறிடத்தில். எதை 'ஓர் ஆட்டம்' என்கிறோம்? டிராவை ஒதுக்கிவிட்டு, மூன்றில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர் என்று விதியை மாற்றிப் பாருங்கள். 200 புள்ளி முன்னிலை தரும் 76 சதவீத வாய்ப்பு 85க்கு மேல் போய்விடும். ஒரு படிக்கு 200 புள்ளி தேவைப்பட்ட இடத்தில் 130 சொச்சம் போதும். 2000 புள்ளி இடைவெளியில் இருந்த 10 படி சுமார் 15 ஆகிவிடும். செஸ்ஸில் ஒரு நகர்வுகூட மாறவில்லை!

டிரா இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. 1992இல் செக்கர்ஸ் மேதை மேரியன் டின்ஸ்லி, சினூக் என்ற கணினி நிரலோடு 39 ஆட்டம் ஆடினார். அவர் வென்றது 4, தோற்றது 2, மீதி 33 டிரா. உச்சத்தில் இருப்பவர்கள் தோற்காமல் தப்பக் கற்றுவிட்டால் அவர்களிடையே உள்ள வேறுபாடு புள்ளியில் தெரியாது. தப்பியே தீர அவர்கள் கற்ற நுட்பம் எந்தப் படியிலும் ஏறாது.

எனக்கு அதைவிட உறுத்துவது, இந்த எண்ணில் ஆட்டத்தோடு அதை ஆடும் சமூகமும் கலந்திருப்பது. செஸ்ஸுக்குப் பயிற்சியாளர், நூல், பரிசுப்பணம், தரவரிசை எல்லாம் உண்டு. நம் ஆடுபுலி ஆட்டத்துக்கு உலகத் தரவரிசை கிடையாது. மூன்று புலியை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பயின்றவர் எவ்வளவு தூரம் போவார் என்று யாரும் முறையாகச் சோதிக்காதபோது, அதன் படிகளை எப்படி எண்ணுவது? எண்ணிக்கை குறைவு என்றால் ஆட்டம் ஆழமற்றது என்று தீர்ப்பெழுதுவது அநியாயம்.

உச்சப்படியும் நிலையானதல்ல. 2016இல் கோ ஆட்ட மேதை லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என வென்றபோது, மனிதர் எட்டிய உயரத்துக்கு மேலும் இடம் இருந்தது அம்பலமானது. எனவே இரண்டு ஆட்டங்களை இப்படி ஒப்பிடுபவர், ஆடுவோர் தொகை, போட்டியின் நீளம், டிராவின் விகிதம் மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.