மூன்று பொன்னிழையும் ஆயாவின் கல்லறையும்

மூவொரு கடவுள் ஞாயிறு வந்தால் அகுஸ்தீன் கதை இல்லாமல் பிரசங்கம் முடியாது. கடற்கரையில் ஒரு பையன் குழி தோண்டி, சிப்பியால் கடலை மொண்டு மொண்டு அதில் ஊற்றினானாம். ‘இது ஆகுற காரியமா?’ என்று அகுஸ்தீன் கேட்க, ‘மூவொரு கடவுளை உன் மண்டைக்குள் அடைக்கப் பார்ப்பது மட்டும் ஆகுற காரியமா?’ என்று பையன் திருப்பிக் கேட்டானாம். மயிலாப்பூரில், கடல் பக்கத்திலேயே இருக்க, இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கடவுள் மனுச அறிவுக்குள் அடங்காதவர் என்பதில் எனக்குச் சண்டையில்லை. அடங்காதவரை ஒரு சில சாதிகள் மட்டும் தங்கள் தெருவுக்குள் எப்படி அடக்கிக் கொண்டன என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இதே மயிலாப்பூரில் 1656 ஜனவரியில் செத்துப்போன ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதக சுவாமி. 1606இல் மதுரைக்கு வந்து தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் படித்தவர். தமிழில் உரைநடையில் இறையியல் எழுதியவர். ‘ஞானோபதேச காண்ட’த்தின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. இந்தியப் பண்பாட்டோடு கிறித்தவத்தை இணைத்தவர் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். எந்த இந்தியா, யாருடைய பண்பாடு என்று கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்.

நோபிலி சந்நியாசி வேடம் போட்டார். பிராமணச் சமையல், மரக்கறிச் சாப்பாடு. மதுரையில் பரதவர்களுக்கு ஊழியம் செய்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சொந்தச் சபைத் துறவியிடமிருந்தே விலகித் தனிக்குடித்தனம் போனார். தோளில் பூணூலும் போட்டார். அதில் ஐந்து இழை: பொன்னிறத்தில் மூன்று, வெண்ணிறத்தில் இரண்டு. மூன்று இழை மூவொரு கடவுளைக் குறிக்குமாம்; இரண்டு இழை இயேசுவின் உடலையும் ஆன்மாவையும் குறிக்குமாம்.

எதிர்ப்பு வந்தபோது நோபிலியின் வாதம் இதுதான்: பூணூல் மத அடையாளம் கிடையாது, அந்தஸ்தைக் காட்டும் உலகியல் அடையாளம். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். இங்கேதான் முரண்பாட்டைப் பிடிக்க வேண்டும். அது வெறும் அந்தஸ்துக் கயிறு என்றால் அதில் கடவுளைக் கொண்டுபோய் ஏன் முடிந்தார்? பூணூல் ஒருத்தன் தோளில் கிடப்பதால் மட்டும் அதற்கு அர்த்தம் வந்துவிடாது. அடுத்தவன் தோளில் கிடக்கக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். அந்தக் கயிற்றுக்கு மூவொரு கடவுளின் பேரை வைத்தபோது சாதிக்கு ஞானஸ்நானம் கொடுத்தாகிவிட்டது.

மூவொரு கடவுள் கோட்பாடு பிறந்த கதையோ இதற்கு நேர் எதிரானது. ஆரியுஸ் என்பவர் மகன் தந்தைக்கு ஒருபடி கீழே என்றார். 325இல் நிசேயா சங்கம் அதை மறுத்து, இருவரும் ஒரே பொருள் என்றது. 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் தூய ஆவியையும் சேர்த்தே ஆராதிக்க வேண்டும் என்று உறுதி செய்தது. மூவர் உண்டு, வித்தியாசம் உண்டு, படிக்கட்டு மட்டும் இல்லை என்பதே அதன் சாரம். அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றார். அந்தப் படிநிலையைக் கடவுளிடத்தில் வேதவிரோதம் என்று தள்ளிய சபை, மனுசரிடத்தில் வழக்கம் என்று ஏற்றுக் கொண்டது.

விளைவு என்ன? பிராமண சந்நியாசிகளாக ஒரு கூட்டம், 1640இலிருந்து மற்றச் சாதிகளுக்குப் பண்டாரசாமிகளாக இன்னொரு கூட்டம் என்று சாமியார்களிலேயே படி உண்டானது. சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தைபூசுதல் கொடுப்பதா வேண்டாமா என்பது ரோமாபுரி வரை போன வழக்கானது. கொடுத்தே ஆக வேண்டும் என்று 1744இல் போப் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணையிட்டார். பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கி அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மூன்று ஆள் ஒரே கடவுளாக இருப்பது எப்படி என்று விளக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு குடிசைக்குள் குனிந்து நுழையத் தெரியவில்லை.

என் ஆயாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் சேரியில் பிறந்து, கடைசிக் காலத்தில் எங்களோடு மந்தைவெளியில் இருந்தது. ‘தந்தை, மகன், தூய ஆவி’ அதன் நாக்கில் ஏறவேயில்லை. சாகும்வரை ‘பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து’தான். ஊரில் ஒரு சாமியாரிடம், ‘மூணு பேர்ல யாரு சாமி மூத்தவரு?’ என்று கேட்டிருக்கிறது. ‘மூத்தவர் இளையவர் இல்லம்மா, மூணும் சமம்.’ ‘அப்ப கோயில்ல நாங்க மட்டும் எதுக்கு சாமி பின்னால?’ அவர் சொன்ன பதில்: ‘அதெல்லாம் மறைபொருள், ஆராயக் கூடாது.’

ஆயா செத்ததும் ஊருக்கே கொண்டுபோனோம். ஊர்க் கல்லறையில் இடமில்லை என்றார்கள். இடம் இருந்தது, நான் பார்த்தேன். சுவருக்கு வெளியே புதைத்தோம். அதே மூன்று பேரைச் சொல்லித்தான் குழியை மந்திரித்தார்கள்.

கீழ்ப்பாக்கம் குருகுலத்தில் தலித் இறையியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான அ.பி. நிர்மல், தந்தையை ஊழியம் செய்யும் தலித் கடவுளாகவும், இயேசுவைத் தலித்தாகவும், ஆவியை எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளுக்கு உயிர் கொடுக்கும் மூச்சாகவும் வாசித்தார். பெரிய திருப்பம் அது. நான் இன்னும் ஓரடி போகச் சொல்வேன். மூவரையும் தனித்தனியே நம்மவராக்கினால் போதாது; மூவருக்கும் நடுவில் படி இல்லாத அந்த உறவைத்தான் நாம் உரிமையாகக் கேட்க வேண்டும்.

கடவுள் அறிய முடியாதவர் என்றால் அவர்மேல் எவனுக்கும் பட்டா கிடையாது என்று அர்த்தம். நம் வாயை அடைக்க அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறவர்களிடம் அதையே திருப்பிக் கேட்போம். கடல் குழிக்குள் அடங்காது, சரி. கல்லறைச் சுவர் அப்படியா? அதை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்பதில் எந்த மறைபொருளும் இல்லை.