கால் சுற்று

"பிக்கப்பே இல்லண்ணே, முறுக்கினா மூச்சு வாங்குது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திருப்புளி கார்பரேட்டரில் இருந்தது. வண்டி 1994-ஆம் வருடத்து ஆர்எக்ஸ் 100. பட்டறைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை உறுமவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஏர் ஸ்க்ரூவை உள்பக்கமாகக் கால் சுற்று. பிறகு இன்னும் ஒரு மயிரிழை. விக்கிக்கொண்டிருந்த ஸ்லோ ஸ்பீடு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. "அவ்ளோதான், எடுத்துட்டுப் போங்க." ஐந்து நிமிடம், ஐம்பது ரூபாய். பக்கவாட்டு மூடியை அவர் தொடவே இல்லை.

பத்து நாள் கழித்து, பைபாஸில் எழுபதில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் திடீரென்று இறுகியது. பின்சக்கரம் ஒரு கணம் நின்று இழுத்தது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். வேப்பமர நிழலில் அரைமணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக வீடு வந்து சேர்ந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் ஊறின ரொட்டி போலப் பிய்ந்து உதிர்ந்தது. அதுவும் பாதிதான். மீதியை எஞ்சின் ஏற்கெனவே தின்றிருந்தது.

பட்டறைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் காது பொய் சொல்லவில்லை. ஸ்லோ ஸ்பீடு நிஜமாகவே சரியாகத்தான் ஆயிற்று. எனக்குள்ள வழக்கு, 'டியூனிங்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்துவைத்திருக்கும் இரண்டு வேலைகளைப் பற்றியது. ஃபில்டர் மாற்றுவது ஒன்று, கார்பரேட்டரைத் திருகுவது இன்னொன்று. முதல் வேலைக்குச் செலவு கொஞ்சம், பலன் நிச்சயம், அதைச் செய்கிறவர்கள் குறைவு. இரண்டாவதற்குப் பெயரும் புகழும் அதிகம். அது எதைச் சரிசெய்கிறது, எதை மூடிமறைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஃபில்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் அதன் பிரம்மாண்டம் தெரியும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடும் வண்டி, அந்த நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு சின்ன அறை நிறையக் காற்றை இழுத்து விழுங்குகிறது. முன்னால் எம்-சாண்ட் லாரி போனால் அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே போகும் மண், பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் உப்புத்தாளாக வேலை செய்யும். போர் தேய்ந்து கம்ப்ரஷன் இறங்கிய வண்டியை எந்த ஸ்க்ரூவும் மீட்காது.

அடைத்துக்கொண்ட ஃபில்டர் இன்னொரு விதமாகக் கெடுக்கிறது. கார்பரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். காற்று போகும் குழலிலோ, அடைப்பு கூடக்கூட அழுத்தம் குறைகிறது. அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுக்கிறது. ஆக, காற்று குறையும்போதே பெட்ரோல் கூடுகிறது. கலவை ரிச் ஆகிறது, பிளக்கில் கரி பிடிக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் ஃபில்டர்களை வேண்டுமென்றே அடைத்து வாகனங்களைச் சோதித்தது. கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துப் பெட்ரோல் பீய்ச்சும் புதிய கார்களில் மைலேஜ் கிட்டத்தட்ட மாறவில்லை, வேகமெடுப்பதில்தான் சுணக்கம். கார்பரேட்டர் வைத்த பழைய காரிலோ, நல்ல ஃபில்டர் போட்டதும் மைலேஜ் 2 முதல் 6 சதவீதம்வரை கூடியது. நம் பழைய பைக்குகள் அந்தப் பழைய காரின் ஜாதி.

என் வண்டியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஸ்பாஞ்ச் பிய்ந்து ஓட்டை விழுந்ததால் தடையில்லாமல் காற்று புகுந்து கலவை லீன் ஆகிவிட்டது. டூ ஸ்ட்ரோக்கில் லீன் ஓட்டம் ஆபத்தானது. உள்ளே போகும் கலவைதான் பிஸ்டனைக் குளிர்விக்கவும் செய்கிறது. அது வறண்டால் சூடு ஏறி, பிஸ்டன் பருத்து, போரைப் பிடித்துக்கொள்ளும். பட்டறையில் 'பிஸ்டன் ஜாம்' என்பது இதைத்தான்.

அப்படியானால் கால் சுற்று உள்ளே திருகிக் கலவையை ரிச் ஆக்கியும் ஏன் ஜாம் ஆயிற்று? காதால் செய்யும் டியூனிங்கின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஏர் ஸ்க்ரூவின் ஆட்சி, ஆக்சிலேட்டரை மூடியதிலிருந்து கால்வாசி முறுக்கும்வரைதான். அதைத் தாண்டினால் ஸ்லைடின் வெட்டும் நீடிலும் கணக்கை எடுத்துக்கொள்கின்றன. முக்கால் திறப்புக்கு மேல் மெயின் ஜெட் வைத்ததுதான் சட்டம். நின்ற இடத்தில் உறுமவிட்டுக் கேட்கிறவர் கேட்பது முதல் கால்வாசியை மட்டும். பைபாஸில் நான் ஓட்டிய வேகத்தில் அந்த ஸ்க்ரூவுக்குப் பேச்சுரிமையே கிடையாது. ஸ்லோ ஸ்பீடில் விக்கல் என்ற ஒரே எச்சரிக்கை எனக்கு இருந்தது. அதையும் ஐம்பது ரூபாய் கொடுத்து வாயடைத்துவிட்டேன். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பார்களே, எழுத்துக்கு எழுத்து அது.

அரசாங்கச் சோதனையும் இதே கால்வாசிக்குள்தான் நிற்கிறது. 2000 மார்ச்சுக்கு முன்னால் தயாரான இருசக்கர வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் வரம்பு, கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9,000 பங்கு. இரண்டையும் அளப்பது வண்டி சும்மா நின்று ஓடும்போது. ஸ்க்ரூவை வெளியே கொஞ்சம் திருகி, ஸ்லோ ஸ்பீடைக் கூட்டிவைத்தால் பல வண்டிகள் தேறிவிடும். வெளியே வந்ததும் பழைய இடத்துக்கே திருகிக்கொள்ளலாம். சாலையில் அந்த வண்டி எப்படிப் புகைகிறது என்பதைப் பற்றி அந்தச் சீட்டு ஒன்றும் சொல்வதில்லை.

இவ்வளவு சொன்னபிறகும் காதுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். கார்பரேட்டர் மறைவில்லாத கருவி. ஒரு திருப்புளி, ஒரு ஸ்பேனர், கொஞ்சம் பெட்ரோல் இருந்தால் திண்ணையில் உட்கார்ந்தே பிரித்துப் பார்த்துவிடலாம். 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100 இன்னமும் நம் தெருக்களில் ஓடுகிறது என்றால், அதில் பாதிப் பெருமை இந்தக் காதுகளைச் சேரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து புது பைக்குகளிலிருந்து கார்பரேட்டரை ஏறக்குறைய வெளியேற்றிய பிறகு, பட்டறைக்காரரால் காதால் கேட்டுச் சரிசெய்யக்கூடிய வண்டி பழசு மட்டும்தான். நல்ல மெக்கானிக் காதோடு நிறுத்துவதில்லை. ஓட்டிப் பார்த்து, வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். பிஸ்கட் நிறம் என்றால் நலம், கரிக்கருப்பு என்றால் ரிச், வெளிறிப்போயிருந்தால் லீன். இந்தப் பிளக் வைத்தியம் முழு ஆக்சிலேட்டருக்கும் பேசும். அதற்குப் பத்து நிமிடம் அதிகம் வேண்டும். கூலி கொடுக்கும் நாம் அதற்குக் காத்திருப்பதில்லை.

கார்பரேட்டர் சர்வீஸ் என்ற பெயரில் நடக்கும் ஒரு கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்லோ ஜெட்டில் தூசி அடைத்திருந்தால், கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிரித்து உள்ளே விட்டுக் குத்துவார்கள். கேபிள் இரும்பு, ஜெட் பித்தளை. எது தேயும்? 0.40 மில்லிமீட்டர் துளை 0.45 ஆனால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. துளையின் பரப்போ கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதற்குப் பிறகு எத்தனை சுற்று திருகினாலும் அந்தக் கார்பரேட்டர் சொன்ன பேச்சு கேட்காது. பெட்ரோலில் ஊறப்போட்டுக் காற்றடித்தாலே போதும்.

காற்றடிப்பதற்கும் இடம் உண்டு. வாட்டர் சர்வீஸில் காகித ஃபில்டருக்குள் காற்றுக்குழாயை நுழைத்து முழு அழுத்தத்தில் அடித்தால், தூசியோடு காகித நாரும் கிழியும். எண்ணெய்ப் பதம் ஏற்றிய காகித ஃபில்டரை அடிக்கவும் கூடாது, கழுவவும் கூடாது. காலம் முடிந்தால் மாற்றுவதுதான். ஸ்பாஞ்ச் அப்படியல்ல. மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்து, உலர்த்தி, ஆயிலில் தோய்த்து, மறுபடி பிழிந்து போடவேண்டும். தூசியைப் பிடித்துவைப்பது அந்த ஆயில்தான். காய்ந்த ஸ்பாஞ்சைப் போட்டு ஓட்டுவது கொசுவலையில் ரவை சலிப்பது மாதிரி.

அடுத்தது, இளவட்டங்களின் மோகம்: ஃபில்டர் டப்பாவையே கழற்றி எறிந்துவிட்டு, கார்பரேட்டர் வாயில் கூம்பு ஃபில்டரை மாட்டுவது. மாட்டியதும் உறிஞ்சும் இரைச்சல் கூடும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது நம்பிவிடும். தடை போய்விட்டதால் ஜெட்டில் இழுப்பு குறைந்து கலவை லீன் ஆவது காதுக்குத் தெரியாது. மெயின் ஜெட்டையும் நீடிலையும் அதற்கேற்ப மாற்றினால் உச்ச வேகத்தில் ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம். ஊருக்குள் ஓட்டும் நடுவேகத்தில் பெரும்பாலும் நஷ்டமே. அந்த டப்பா வெறும் மூடி அல்ல. எஞ்சினின் மூச்சுக்கு அளவெடுத்துச் செய்த காற்றுச் சேமிப்பறை. மழையில் நனையாமலும் காத்துவந்தது. இந்த வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கார்பரேட்டரைத் தொட்டே ஆகவேண்டிய உண்மையான காரணம் ஒன்று இப்போது வந்திருக்கிறது. பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் அதற்குக் காற்றுத் தேவை குறைவு. இந்தக் கலவைக்கு 14.7-க்குப் பதில் 13.5 பங்கு அளவில் போதும். புதிய வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பழைய கார்பரேட்டருக்கு ஜெட்டின் துளை மட்டும்தான் தெரியும். அது பழைய அளவையே ஊற்றும். எஞ்சின் எட்டொன்பது சதவீதம் லீனாக ஓடும். ஏற்கெனவே விளிம்பில் ஓடும் டூ ஸ்ட்ரோக்குக்கு அது சின்ன எண் அல்ல. மருந்து, நீடில் கிளிப்பை ஒரு படி இறக்கி நீடிலை உயர்த்துவது, அல்லது மெயின் ஜெட்டை ஒரு எண் கூட்டுவது. செய்தபின் பிளக் நிறம் பார்ப்பது. ஏர் ஸ்க்ரூவை மட்டும் திருகி எத்தனாலைச் சமாளித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், முதல் கால்வாசியை மட்டும் சமாளித்திருக்கிறார் என்று அர்த்தம்.

போர் பார்த்து, ரிங் மாற்றி, செலவு ஐந்தாயிரத்தைத் தாண்டியது. பிய்ந்த ஸ்பாஞ்சை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு அதே பட்டறைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பிசைந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க பிக்கப்புன்னுதானே சார் சொன்னீங்க. ஃபில்டர்னு சொல்லவே இல்லையே."

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். புது ஸ்பாஞ்சை ஆயிலில் தோய்த்து, பிழிந்து, டப்பாவுக்குள் இடுக்கில்லாமல் உட்காரவைத்தார். பிறகு ஏர் ஸ்க்ரூவை அடிவரை மெல்ல இறுக்கி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வெளியே திருப்பினார். எஞ்சின் சீராக ஓடிய இடம் ஒன்றரைச் சுற்று. இந்த வகைக் கார்பரேட்டருக்கு வழக்கமாகச் சொல்லும் இடமும் அதுதான்.